கப்பல் ஒரு நாள்தான் மும்பையில் நிற்கிறது: சாயங்காலம் காலா கோடா விழாவுக்குக் கூட்டிப் போக நேரம் போதுமா?

செம்பூர்_மல்லிகை

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தையும் மாமாவும் கப்பலில் வருகிறார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே அணையும், ராத்திரி பத்துக்குக் கிளம்பும். ஒன்பது மணிக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டுமாம். அடுத்தது கொச்சி.

அந்த வாரம்தான் காலா கோடா விழா, அதாவது 'கறுப்புக் குதிரை' என்று பெயர் கொண்ட இடத்தில் வருஷா வருஷம் தெருவில் நடக்கும் கலை விழா, நடக்கிறது. மாமா 1971 முதல் 1978 வரை துறைமுகத்தை ஒட்டிய பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். போனில் பேசும்போதெல்லாம் "அந்தத் தெரு இன்னும் அப்படியே இருக்கா?" என்று கேட்பார். விளக்கு போட்ட பிறகு அவரை அந்தப் பக்கம் நடக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் வீட்டுக்காரரோ, "செம்பூருக்குக் கூட்டிட்டு வா, வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகட்டும், கூட்டத்துல வயசானவங்களை எதுக்கு இழுக்கணும்" என்கிறார்.

மாமாவுக்கு வயது 77. அத்தைக்கு முழங்கால் வலி, அரை மணிக்கு ஒரு தடவை உட்கார வேண்டும். வீடும் விழாவும் ஒரே நாளில் முடியுமா? துறைமுகத்துக்குள் நான் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

துறைமுகத்துக்காரன்

கப்பல் அணையும் பல்லார்ட் பியர் பக்கம் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன், அதனால் கேட் விஷயத்தை மட்டும் சொல்கிறேன் அக்கா.

உள்ளே நீங்கள் போக முடியாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர்கள் நிற்பார்கள், பயணியின் அட்டையும் பாஸ்போர்ட்டும் பார்த்துத்தான் விடுவார்கள். நீங்கள் கிரீன் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். அவர்கள் வெளியே வருவது அங்கேதான். எந்த டாக்ஸிக்காரரிடம் சொன்னாலும் இடம் தெரியும்.

பத்து மணிக்கு அணைகிறது என்றால் பத்தே காலுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். குடியேற்றச் சோதனை ஒவ்வொருவருக்கும் நேரில் நடக்கும். கப்பலில் இரண்டாயிரம் பேர் இருந்தால் வரிசை எப்படி இருக்கும் என்று பாருங்கள். கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாக்காரர்களை முதலில் இறக்குவது வழக்கம். சொந்தமாகப் போகிறவர்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாலே நல்ல நேரம்தான்.

திரும்புவதற்கு ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கப்பலில் ஏற ஒன்பது என்றால் கிரீன் கேட்டில் எட்டேகாலுக்கு இருக்க வேண்டும். கேட்டில் சோதனை, உள்ளே பஸ், மறுபடி பை சோதனை என்று எல்லாம் இருக்கிறது. காலா கோடாவிலிருந்து கேட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான், ஆனால் விழா நாளில் வண்டி சுற்றித்தான் வரும். ஏழரைக்கு அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். அந்த வாரத்தில் சூரியன் 6.35 வாக்கில் மறையும். ஆக, விளக்கு வெளிச்சத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஐம்பத்தைந்து நிமிஷம். அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு தெரிந்து போங்கள்.

---

மாட்டுங்கா_டிகிரி

என் கருத்து வேறு. 2000-த்திலிருந்து அந்த விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது நாலைந்து வருஷமாகப் போவதில்லை. 1999-இல் ஆரம்பித்தபோது, விழா நடக்கும் ராம்பார்ட் ரோ தெருவில் ஓவியர்கள் உட்கார்ந்து வரைவார்கள், நின்று பேசலாம். இப்போது ஒவ்வொரு கலைப்பொருளுக்கு முன்னாலும் செல்போன் தூக்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கூட்டம் தள்ளும் திசையில்தான் நாம் போக முடிகிறது.

வயசானவர்களை மாட்டுங்காவுக்குக் கூட்டி வாருங்கள். பூக்கடை, ஆஸ்திக சமாஜம் கோயில், நல்ல காப்பி, உட்கார இடம். ஐம்பது வருஷம் கழித்து வருகிறவருக்கு நம்ம ஊர் வாசனை இங்கேதான் கிடைக்கும்.

---

தாராவி_90அடி

மாட்டுங்கா அண்ணா, நீங்கள் சொல்வது ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனால் அந்தத் தெருவில் மூச்சு விடலாம். ஆறரைக்கு மேல் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் சேரும்போதுதான் நெரிசல்.

இன்னொன்று. அந்த மாமா தேடுவது நம்ம ஊர் வாசனையை இல்லை. அது அவருக்குச் சிங்கப்பூர் தேக்காவிலேயே கிடைக்கும். அவர் கேட்பது தான் வேலை பார்த்த தெருவை. அதை மாட்டுங்காவில் எப்படிக் காட்டுவது?

மல்லிகை அக்கா, செம்பூர் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். 2013-இல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே மேம்பாலச் சாலை வந்த பிறகு செம்பூர் பக்கம்தான், அரை மணியில் வந்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் அது ஆரஞ்ச் கேட்டில்தான் இறங்குகிறது. அங்கே மெரின் டிரைவுக்குச் சுரங்கப்பாதை வேலை நடக்கிறது, எப்போது அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கப்பலுக்குப் போகும் நாளில் அதை நம்பி இறங்காதீர்கள். வீட்டுச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கொண்டுபோங்கள், அவ்வளவுதான்.

---

சிங்கைக்கடல்

நான் சிங்கப்பூர். கப்பலில் வருகிறவர்கள் பக்கத்திலிருந்து சில விஷயம்.

உங்கள் அத்தை மாமாவிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், ஒரு நாள் இறங்கிப் பார்ப்பதற்கும் விசா வேண்டும். இ-விசா மும்பை, கொச்சி, சென்னைத் துறைமுகங்களில் செல்லும். கப்பலில் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் சிங்கப்பூரில் கப்பலடியிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டி பெட்டி மேல் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். கப்பல் வழியில் கடிகாரத்தை மாற்றும், சில கப்பல்கள் மாற்றாமல் தன் நேரத்திலேயே ஓடும். சீட்டில் போட்ட ஒன்பது மணி எந்த நேரம் என்று கப்பல் வரவேற்பில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். செல்போன் கரைக்கு வந்ததும் தானாக மாறிவிடும். மாமா கைக்கடிகாரம் கட்டுகிறவர் என்றால் அதில் கப்பல் நேரத்தை வைக்கச் சொல்லுங்கள், இறங்கும் வரை தொடக்கூடாது.

காலையில் சீக்கிரம் எழுந்து மேல்தளத்தில் இடதுபக்கம் நிற்கச் சொல்லுங்கள். கொலாபாவைத் தாண்டி வரும்போது கேட்வே ஆஃப் இந்தியா கடலிலிருந்து தெரியும். பழைய பம்பாய்க்காரருக்கு அது போதும்.

---

கல்யாண்_கடைசிரயில்

என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மச்சினனும் அவன் மனைவியும் இதே மாதிரி கப்பலில் வந்தார்கள், பெயர் வேண்டாம். விழாவின் கடைசி ஞாயிறு. கிராஸ் மைதானத்தில் நடன நிகழ்ச்சி, அதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். ஏழு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தோம், ஏழே முக்காலுக்கு ஜஹாங்கீர் ஓவியக் கேலரி வாசலில் நிற்கிறோம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. செல்போனில் கூப்பிட்ட வண்டி, சாலை அடைத்திருக்கிறது என்று ரத்தானது. இரண்டாவதும் ரத்து. கடைசியில் மச்சினன் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். எட்டு நாற்பதுக்குக் கேட்டைத் தொட்டோம். அவர்களுக்கு எட்டரைதான் கெடு. ஒரு காவலர் பார்த்து, ரேடியோவில் சொல்லி, கடைசி பஸ்ஸை நிறுத்தி வைத்தார். அவர் மட்டும் இல்லாவிட்டால் மறுநாள் விமானத்தில் கொச்சிக்குப் போய்த்தான் ஏறியிருக்க வேண்டும்.

கப்பல் கூட்டிப்போகும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் அவர்களுக்காக நிற்கும். நம்மைப் போல் சொந்தமாகப் போனவர்களுக்கு நிற்காது. அதனால் ஒரே தெரு, ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானம், தெரு, நூலகம், அருங்காட்சியகம் என்று நாலையும் பிடிக்கப் போகாதீர்கள்.

போகும்போது நான் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி மெட்ரோவில் ஒரே நிறுத்தம், ஹுதாத்மா சௌக் போய்விடுவேன். கேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது சுற்று. அவர்களுக்கு நடைதான் சரி.

---

செம்பூர்_மல்லிகை

எல்லோருக்கும் நன்றி. அத்தைக்கும் மாமாவுக்கும் ஓசிஐ இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. செம்பூரை விட்டுவிட்டோம். வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார், லீவு போட்டுக்கொண்டு அவரும் வருகிறார். அத்தைக்கு உட்கார எங்கெங்கே இடம் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

துறைமுகத்துக்காரன்

கேட்டிலிருந்து நேராக வண்டி ஏறாதீர்கள் அக்கா. பல்லார்ட் எஸ்டேட் தெருக்கள் அகலம், நடைபாதை நன்றாக இருக்கும், மரநிழலும் உண்டு. அங்கிருந்து ஹார்னிமன் சர்க்கிள் பூங்கா. உள்ளே பெஞ்சுகள் இருக்கின்றன. எதிரே 1833-இல் கட்டிய டவுன் ஹால், இப்போது ஆசியாட்டிக் நூலகம். அதன் முப்பது படிகளில் அத்தையை ஏற்ற வேண்டாம், கீழ்ப்படியில் உட்காரலாம். அப்புறம் காலா கோடாவில் டேவிட் சசூன் நூலகத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் உண்டு. விழாவில் அங்கே புத்தக நிகழ்ச்சிகள் நடக்கும், நாற்காலி போட்டிருப்பார்கள். பேச்சு புரியாவிட்டாலும் கால் ஆறும்.

சில்லறையும் நூறு ரூபாய் நோட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு, சாப்பிட்ட ஓட்டலிலேயே போய்விட்டு வருவது நல்லது. தெருவில் வரிசை நீளம்.

---

மாட்டுங்கா_டிகிரி

சரி, போவதென்று முடிவான பிறகு நானும் உதவுகிறேன். மாமா 1971-இல் வந்தார் என்றால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க இருந்தப்ப குதிரை இருந்துச்சா?" பதிலை இங்கே எழுதுங்கள்.

---

செம்பூர்_மல்லிகை

போய் வந்தாயிற்று. தள்ளிப் போட்டால் எழுத மாட்டேன் என்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்து அண்ணன் சொன்னதுபோல் பன்னிரண்டு இருபதுக்குத்தான் வெளியே வந்தார்கள். மாமா கேட்டைத் தாண்டியதும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த கட்டடங்களைப் பார்த்தார். அத்தைதான் கட்டிக்கொண்டு அழுதாள்.

டிபன் கேரியரில் கொண்டுபோன சாப்பாட்டை அத்தை ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். மாமாவுக்கு பிரிட்டானியாவில் பெர்ரி புலாவ் சாப்பிட வேண்டும். 1923-இலிருந்து அதே இடத்தில் இருக்கும் பார்சி ஓட்டல், மதியம் மட்டும்தான். அந்தக் காலத்தில் சம்பளம் வாங்கிய அன்றுதான் உள்ளே போவாராம், மற்ற நாளில் சைக்கிளில் வரும் இட்லிக்காரர்தான். "இட்லிக்காரர் தமிழ்ல பேசுவார், அதுக்காகவே ரெண்டு இட்லி கூட வாங்குவேன்" என்றார்.

ஆபீஸ் இருந்த கட்டடத்தை மாமாவே கண்டுபிடித்தார். கம்பெனி இல்லை, பெயர்ப்பலகை வேறு. ஆனால் மஞ்சள் கல்லும் வளைவு வாசலும் அப்படியே. காவலாளியிடம் உடைந்த இந்தியில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து நின்று, "மேலே போக முடியாது சாகேப், மாடிப்படியைப் பாருங்கள்" என்று கதவைத் திறந்துவிட்டார். மாமா கைப்பிடிக் கட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை.

ஹார்னிமன் பூங்காவில் மூன்றே முக்கால் வரை இருந்தோம். அத்தை பெஞ்சில் சாய்ந்து தூங்கியேவிட்டாள். நாலரைக்குக் காலா கோடா. பை சோதனை பத்து நிமிஷத்தில் முடிந்தது. தாராவித் தங்கை சொன்னது சரி, அந்த நேரத்தில் தெருவின் தரை தெரிந்தது.

கலைப்பொருள்களில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தவற்றில் ஒன்று, பழைய சேலைத் துண்டுகளை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட ஒரு மரம். காற்றில் அது அசைவதைப் பார்த்துக்கொண்டு அத்தை அங்கேயே நின்றுவிட்டாள். வார்லி ஓவியம் வரைபவர் ஒருவர் மூங்கில் குச்சியை அரிசி மாவில் தொட்டுத் தொட்டு மனிதர்களை வரைந்தார். முக்கோணமாக உடம்பு, கோடாகக் கை கால். அரை மணி நேரத்தில் ஒரு கல்யாண ஊர்வலமே வந்துவிட்டது. அதைப் பார்த்ததே எனக்குப் போதும் என்று இருந்தது.

தோல் பைகள் விற்ற கடையில் ஒரு பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரு?" என்றான். தாராவிப் பையன், தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். "ஏலே, நம்மூருப் பிள்ளை!" என்று அத்தை அவன் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பாளையங்கோட்டையை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். ஆனால் பேச்சில் அந்த ராகம் அப்படியே இருந்தது. அத்தை ஒரு சின்னப் பை வாங்கினாள். விலை பேசவில்லை. எங்கள் வீட்டில் அத்தை விலை பேசாமல் ஒன்று வாங்கியதை நான் பார்த்ததே இல்லை.

மாட்டுங்கா சார், இப்போது உங்கள் கேள்வி. குதிரைக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன். மாமா சொன்னார்: "நான் வந்தப்ப குதிரை இல்லம்மா. இருந்த ஏழு வருஷமும் வெறும் இடத்தைத்தான் காலா கோடான்னு சொல்லிக்கிட்டிருந்தோம். பஸ்ல கண்டக்டர் 'காலா கோடா'ன்னு கத்துவார், இறங்கினா ஒண்ணும் இருக்காது. எந்தக் குதிரைன்னு கேட்கக்கூட எனக்குத் தோணல."

2017-இல் வைத்த இந்தக் கறுப்புக் குதிரையைச் சுற்றி அவர் இரண்டு முறை நடந்தார். மேலே ஆள் இல்லை. எல்லோரும் போட்டோ எடுத்து நகர்ந்தபோது அவர் மட்டும் அதன் காலடியில் நின்றார். ஆறே முக்கால் இருக்கும், விளக்குகள் எல்லாம் போட்டுவிட்டார்கள்.

ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை மூடிக் கிடப்பதைக் காட்டினேன். 2016-இலேயே மூடிவிட்டார்கள் என்றதும் முகம் வாடியது. காசில்லாத நாளிலும் உள்ளே போய் இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு வருவாராம். ஜஹாங்கீர் கேலரிக்குள் இருந்த சமோவார் டீக்கடையும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே உள்ளே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஏழு இருபதுக்கு என் வீட்டுக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். அதற்குள் கூட்டம் தோளோடு தோள். அத்தையை நடுவில் விட்டு, ஓரமாக ஹார்னிமன் பக்கம் நடந்து வந்து கறுப்பு-மஞ்சள் டாக்ஸி பிடித்தோம். எட்டு ஐந்துக்குக் கேட். நேரம் இருந்தது, ஆனால் அத்தைக்கு நிற்க முடியவில்லை, அதனால் உடனே அனுப்பிவிட்டோம். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது.

பத்தேகாலுக்கு மாமா போன் செய்தார். மேல்தளத்தில் நிற்கிறாராம். "ஆபீஸ் மொட்டை மாடி தெரியுது. அப்பல்லாம் அங்கே நின்னு கப்பலைப் பார்ப்பேன்" என்றார். அப்புறம் சிக்னல் போய்விட்டது.

---

மாட்டுங்கா_டிகிரி

1965-இல் பழைய குதிரைச் சிலையை எடுத்து பைகுல்லாவில் மிருகக்காட்சிசாலை இருக்கும் ராணி பாக்கில் வைத்துவிட்டார்கள். ஏழாம் எட்வர்ட் இளவரசராக வந்துபோனதற்காக ஆல்பர்ட் சசூன் கொடுத்த சிலை, 1879-இல் நிறுவியது. அது இங்கிருந்து போன பிறகும் தெருவுக்குப் பெயர் போகவில்லை. அந்த வெற்றிடத்தில் ஏழு வருஷம் பஸ் இறங்கியவரிடமிருந்து இதைக் கேட்க வேண்டும் என்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எழுதியதற்கு நன்றி மல்லிகை. இந்த வருஷம் நானும் ஒரு வார நாளில் போகிறேன்.

---

தாராவி_90அடி

அந்தப் பையன் எந்த வரிசையில் கடை போட்டிருந்தான் அக்கா? நாளைக்குப் போகிறேன், பார்த்தால் பேசிவிட்டு வருவேன்.

---

செம்பூர்_மல்லிகை

ஜஹாங்கீர் கேலரிக்கு எதிர்ப்பக்கம், நடுவரிசையில். நீலத் துணி விரித்திருப்பான்.

---

புதியவர்_வாஷி

எங்கள் சம்பந்தி வருகிற கப்பல் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறது, ஏழரைக்கு ஏற வேண்டும். இந்தத் திட்டம் சரிப்படுமா?

---

துறைமுகத்துக்காரன்

ஞாயிறு, அதுவும் ஏழரை என்றால் விளக்கு வெளிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள். மூன்று மணிக்கே தெருவுக்குள் போய்விடுங்கள், ஆறு மணிக்குக் கேட் பக்கம் திரும்பிவிடுங்கள். மீதி நேரத்தில் பல்லார்ட் எஸ்டேட்டில் நடக்க வையுங்கள். ஞாயிறன்று அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது, பேசிக்கொண்டே நடக்கலாம்.